கூட்டத்து மீன்

தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கறீங்களா? நான் இந்தக் கறுப்புப் பையைச் சீட்டுக்கு அடியில தள்ளிக்கறேன். ஆட்டாமப் பிடிங்க. மீன்தான். சமைக்கிற மீன் இல்ல, பயப்படாதீங்க, பேன்ட் நாறாது. தொட்டியில வளக்கற மீன். இருங்க இருங்க, முதல்ல கையை நீட்டுங்க. ரெண்டு சொட்டு சானிடைசர். பஸ் கம்பியைப் பிடிச்ச கை இல்ல? தப்பா நினைக்காதீங்க, தொழில் பழக்கம். ஆங், நல்லாத் தேய்ங்க, விரல் இடுக்குல. இப்போ பிடிங்க.

வெளிச்சத்துல தூக்கிப் பாருங்களேன். நீலக் கோடு, அதுக்குக் கீழ சிவப்பு. ஒரு விரல் நீளம்கூட இல்ல. நியான் டெட்ரான்னு பேரு. ஆறு இருக்கு. எண்ண முடியாது, ஓடிக்கிட்டே இருக்கும். ஒண்ணு திரும்பினா எல்லாம் திரும்பும். கொளத்தூர்ல பிலவேந்திரன்னு ஒருத்தர் கடை வெச்சிருக்கார், எப்பவும் அவர்கிட்டதான். "அண்ணே, இது கூட்டத்து மீன். ஆறுக்குக் கொறஞ்சா இருக்காது. தனியா விட்டா பயத்துலயே வெளுத்துப்போயிடும்"னு முதல் நாளே சொல்லிட்டார். நல்ல மனுஷன். ஆனா படிப்பு பத்தாது. அதை அப்புறம் சொல்றேன்.

நீங்க எதுவரைக்கும்? போரூரா? அப்ப சரி. நான் வானகரத்துல இறங்கணும். பாடி மேம்பாலத்தைத் தாண்டவே அரை மணி ஆகும்போல இருக்கு. ஞாயித்துக்கிழமைகூட எங்கதான் போறாங்களோ இவ்வளவு பேரு.

என் பேரு கோதண்டம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில இருபத்தாறு வருஷமா வேலை. பேர் வேணாம், விடுங்க. டாக்டர் இல்ல, சிரிக்காதீங்க, இந்தக் கண்ணாடியைப் பாத்து எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. ஆபரேஷன் தியேட்டருக்குப் போற கத்தி, கத்திரி, துணி எல்லாம் எங்க செக்‌ஷனுக்கு வந்துதான் போகணும். பெரிய குக்கர் மாதிரி ஒரு மிஷின். உள்ள வெச்சு மூடி, ஆவியில அவிச்சு, ஒரு பூச்சி புழு இல்லாமப் பண்ணி அனுப்புவோம். கண்ணுக்குத் தெரியற பூச்சியைச் சொல்லல. கண்ணுக்குத் தெரியாததுதான் ஆளைக் கொல்லும். என் கை பட்டுப் போன கத்தியால இத்தனை வருஷத்துல ஒருத்தருக்குச் சீழ் வெச்சதுன்னு யாராவது சொல்லட்டும், மீசையை எடுத்துடறேன்.

அந்தக் கைதான் தம்பி இது. இந்தக் கையால ஒரு மீனைக் காப்பாத்த முடியல.

எங்கேருந்து ஆரம்பிக்கிறது... எனக்கு ஒரே பொண்ணு. நறுமுகை. பதினோரு வயசு. அவங்க அம்மா வசுமதியும் அவளும் வானகரத்துல என் மச்சான் வீட்டு மாடியில இருக்காங்க. நான் வில்லிவாக்கத்துல. ஒன்றரை வருஷம் ஆச்சு. விவாகரத்தெல்லாம் இல்ல. ரெண்டு பக்கமும் பெரியவங்க உக்காந்து பேசினாங்க. மாசத்துல ரெண்டாவது ஞாயிறு, நாலாவது ஞாயிறு பாப்பா எங்கிட்ட வரணும், காலையில பத்துல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும்னு முடிவு பண்ணாங்க. பெத்த பொண்ணு எனக்கு ரேஷன்ல வருது.

ஏன் போனாங்கன்னு கேக்க மாட்டீங்க, மரியாதை தெரிஞ்ச பிள்ளை. நானே சொல்றேன். குடிக்க மாட்டேன். வேற பொம்பளை கிடையாது. ஒரு நாள் கை நீட்டினதில்ல. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தவன். வசுமதி என்ன சொன்னா தெரியுமா? "இந்த வீட்ல என்னால மூச்சு விட முடியல"ன்னு. ஜன்னலெல்லாம் திறந்துதான் இருந்துச்சு. கொசுவலை அடிச்சிருந்தேன், அவ்வளவுதான்.

சரி, கொஞ்சம் சுத்தம் பாப்பேன். வெளியிலருந்து வந்தா கால் கழுவி, துணி மாத்திட்டு உள்ள வரணும். தப்பா? பாப்பா பிறந்தப்ப யாரும் முத்தம் கொடுக்கக் கூடாதுன்னேன். டாக்டரே சொல்றதுதானே? மாமியார் வந்து காபி குடிச்சுட்டுப் போனா அந்த டம்ளரை வெந்நீர்ல போடுவேன். போனப்புறம்தான் போடுவேன், முன்னாடி இல்ல. ஒரு தடவை அவங்க குடையை மறந்துட்டுத் திரும்பி வந்து பாத்துட்டாங்க, அதுக்கு நான் என்ன பண்றது? வசுமதி ஆரம்பத்துல சண்டை போடுவா. "தயிர்லயும் பூச்சிதான் இருக்கு, அதையும் கொதிக்க வெச்சுச் சாப்பிடுங்க"ன்னு கத்துவா. நல்லா ஞாபகப்படுத்தினே நீன்னு தயிரையே நிறுத்திட்டேன். போகப் போகச் சண்டையும் நின்னுடுச்சு. வீட்ல ஒரு சத்தம் இருக்காது. நான்கூட நினைச்சேன், பக்குவம் வந்துடுச்சு பொம்பளைக்குன்னு. அப்புறம் ஒரு நாள் பெட்டியோட நிக்கறா. வாசல்ல நின்னு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா: "கழுவினது போதுங்க." என்ன அர்த்தம்னு இன்னி வரைக்கும் யோசிக்கிறேன்.

பை கசியுதா? இல்லையே? அது வெளியில வேர்க்கறது. சரி.

ஆரம்பத்துல பாப்பா வருவா, கால் கழுவுவா, நான் எடுத்து வெச்ச துணியை மாத்திப்பா, நாற்காலி நுனியில உக்காந்துப்பா. பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி. "என்னம்மா வேணும்?" "ஒண்ணும் வேணாம்பா." "டிவி போடட்டுமா?" "சரிப்பா." அஞ்சு மணி எப்ப ஆகும்னு கடிகாரத்தைப் பாக்கறது எனக்குத் தெரியாமலா போகும்? பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன் தம்பி. குழாயைத் திறந்துவிட்டுட்டு.

அப்படி ஒரு ஞாயிறு கொளத்தூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வரப்ப கடைத்தெருவுல நின்னுட்டா. நகரவே மாட்டேங்கறா. தொட்டியில இந்த மீன் ஒரு நூறு, மொத்தமா இப்படிப் போகுது, அப்படி வருது. என் பொண்ணு சிரிச்சா. எவ்வளவு நாளாச்சு அந்தப் பல்லைப் பாத்து! அன்னிக்கே தொட்டி, லைட்டு, தண்ணியைச் சுத்தம் பண்ற ஃபில்டரு, அடியில போட வெள்ளைக் கல்லு, பன்னிரண்டு மீன், எல்லாம் வாங்கிட்டேன்.

அதுக்கப்புறம் வேற பொண்ணு. ஓடி வருவா. கால்கூட கழுவாம நேரா தொட்டிகிட்டதான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாருங்க, அந்த அளவுக்கு நான் மாறிட்டேன். அவ போனப்புறம் தரையைத் துடைச்சுப்பேன். "அப்பா, இவங்கள்ல யாருக்கும் பேரே வைக்க முடியாதுப்பா, எல்லாரும் ஒரே ஆளு மாதிரி இருக்காங்க" அப்படிம்பா. பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வா, என்னைப் பாத்து இல்ல, மீனைப் பாத்து. எனக்கு என்ன, காதுல விழுந்தாப் போதாதா?

மீன் இருந்தா பொண்ணு வருவா. மீன் இல்லைன்னா நாற்காலி நுனி. இதான் என் நிலைமை. நான் அந்த மீனை எப்படிப் பாத்துக்கிட்டிருப்பேன்னு நீங்களே சொல்லுங்க.

அவ வரதுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, தொட்டி மொத்தத்தையும் காலி பண்ணுவேன். மீனை ஒரு வாளியில விட்டுட்டு, கண்ணாடியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு, நாலு தண்ணி ஊத்தி அலசுவேன். ஃபில்டருக்குள்ள ஒரு பஞ்சு இருக்கும், பழுப்பா, வழவழன்னு, பாக்கவே குமட்டும். அதை வெந்நீர்ல போட்டு வெள்ளை வெளேர்னு ஆக்கிடுவேன். அந்தக் கல்லு இருக்கே, அதை குக்கர்ல வெச்சு மூணு விசில். மேல் வீட்டுக்காரர் ஒரு தடவை எட்டிப் பாத்து, "சார், இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?"னு கேட்டார். கல்லுன்னு சொல்ல முடியுமா? கொண்டைக்கடலைன்னேன்.

ஞாயித்துக்கிழமை வந்து பாத்தா கண்ணாடி இருக்கறதே தெரியாது. மீன் காத்துல பறக்கற மாதிரி இருக்கும். "எவ்வளவு சுத்தமா இருக்கு பாரும்மா"ன்னு காட்டுவேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டுட்டு வருவேன்.

திங்கக்கிழமை ஒண்ணு மேல மிதக்கும்.

செவ்வாய்க்கிழமை ரெண்டு. புதன்கிழமை மூணு. மூலையில போய் நிக்கும், வாயை மேல தூக்கி மூச்சு வாங்கும், நீலம் போய் சாம்பல் ஆயிடும். நான் முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். வேற என்ன பண்றது? ஆஸ்பத்திரியில சுத்தி நாப்பது டாக்டர், ஒருத்தர்கிட்டகூட கேக்க முடியாத வியாதி. மறுபடி அவ வரதுக்குள்ள எத்தனை கொறையுதோ அத்தனை வாங்கிப் போட்டுடுவேன். நல்லவேளை, எல்லாம் ஒரே ஆளு மாதிரி இருக்குது. ஆனா வாங்கிப் போட்டதும் அடுத்த திங்கக்கிழமை போய்ச் சேரும்.

ஏன்னு நினைக்கிறீங்க? நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். அவ வந்துட்டுப் போனாத்தான் சாவு. அவ வராத வாரத்துல ஒண்ணும் ஆகறதில்ல. புரியுதா? அந்தக் குழந்தையைப் பிரிஞ்சு அதுங்களால இருக்க முடியல தம்பி. ஏக்கம். வாயில்லா ஜீவன், சொல்லத் தெரியாது, செத்துப்போகுது. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு. நான் பெரிய உடம்பு, தாங்கறேன்.

பிலவேந்திரன்கிட்ட சொன்னேன். அவர் என் மூஞ்சியையே பாத்தார். "அண்ணே, தொட்டியை எப்படிக் கழுவறீங்க?"ன்னார். சொன்னேன். தலையில கையை வெச்சுக்கிட்டார். "அண்ணே, அந்தப் பஞ்சுல இருக்கற வழவழப்புதான் மீனுக்கு உசிரு. அதுல நல்ல பூச்சி இருக்குது. மீன் போடற அழுக்கை அதுதான் தின்னும். தயிருக்கு உறை மாதிரிண்ணே அது. உறையைக் கொதிக்க வெச்சா தயிர் தோயுமா? கழுவாதீங்க. மிஞ்சிப்போனா வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணி மாத்துங்க"ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நல்ல பூச்சியாம்! பூச்சியைக் கொன்னே இருபத்தாறு வருஷம் சாப்பிட்டவன்கிட்ட வந்து நல்ல பூச்சி, கெட்ட பூச்சின்னு. எங்க மிஷின்ல நல்லது எது கெட்டது எதுன்னு பிரிக்கிற ஸ்விட்ச் கிடையாது அப்பனேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுவும் போய்த் தயிரைச் சொல்றாரு என்கிட்ட.

என்ன தம்பி? இல்ல, இருங்க, முடிச்சுடறேன்.

ஆடி மாசம் முழுக்க எனக்கு டபுள் டூட்டி. கூட வேலை செய்யறவருக்கு டைபாய்டு. ஒரு ஞாயிறு பாப்பாவை வர வேணாம்னே சொல்ல வேண்டியதாப் போச்சு. அஞ்சு வாரம் தொட்டியைத் தொடல. இரை போடறது, ஓடறது. திருவேற்காட்டு அம்மனுக்கு மஞ்சள் துணியில ஒரு ரூபா முடிஞ்சு வெச்சேன், தாயே நீயே பாத்துக்கோன்னு. நம்புவீங்களா, அஞ்சு வாரத்துல ஒண்ணுகூடச் சாகல. பத்து இருந்துச்சு, பத்தும் இருந்துச்சு. சக்தியுள்ள தெய்வம். ஆனா தொட்டியைப் பாக்கணுமே! கண்ணாடியில பச்சை பூத்து, தண்ணி டீ கலர்ல, கல்லெல்லாம் பாசி.

ஆடி கடைசி ஞாயிறு பாப்பா வந்தா. எனக்குக் கூச்சமா இருந்துச்சு, பாக்காதேம்மான்னேன். அவ கண்ணாடியில மூக்கை வெச்சுக்கிட்டு, "அப்பா! இன்னிக்குதான்ப்பா இவங்க நல்லா இருக்காங்க. சிவப்பைப் பாருங்களேன்"ன்னா. குழந்தை, என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றா. இதைவிடச் சுத்தமா உனக்குக் காட்டறேன்டா கண்ணுன்னு சட்டையைக் கழட்டிட்டு இறங்கிட்டேன். அவ முன்னாடியே. அப்பா எவ்வளவு பாடுபடறான்னு அவளும் ஒரு நாள் பாக்கட்டுமே. "வேணாம்ப்பா, இப்படியே இருக்கட்டும்ப்பா"ன்னு பின்னாடியே வந்தா. ஒரு மணி நேரத்துல முடிச்சேன். பளிங்கு. பத்து மீனையும் விட்டேன்.

முதல்ல ஓடிச்சு. அப்புறம் ஒண்ணு சாஞ்சுது. அப்புறம் எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துச்சு. கூட்டத்து மீன் இல்லையா, ஒண்ணு பண்றதை எல்லாம் பண்ணும். நான் கையை உள்ள விட்டுக் கலக்கறேன், ஊதறேன், அம்மா தாயேங்கறேன். பாப்பா ஓடிப்போய் ஜல்லிக்கரண்டியை எடுத்துட்டு வந்தா. அப்பளம் பொரிக்கிற சாமான் அது, நான் பிடுங்கப் போனேன், அவ விடல. கடைசியா அசைஞ்சுக்கிட்டிருந்த ஒண்ணை அள்ளி, கொட்டறதுக்கு வாளியில வெச்சிருந்தேன் பாருங்க அந்த அழுக்குத் தண்ணி, அதுல போய் விட்டுட்டா. "அதுல கிருமிம்மா!"ன்னு கத்தறேன். காதுலயே வாங்கல. வாளிகிட்ட உக்காந்துட்டா. அந்த ஒண்ணு பிழைச்சுது. அதிர்ஷ்டம்தான், வேற என்ன?

மீதி ஒம்பது.

அவ அழல தம்பி. அழுதிருந்தா தூக்கி வெச்சுக்கிட்டிருப்பேன். அந்த அழுக்குத் தண்ணியோட மீனைத் தன் தண்ணி பாட்டில்ல ஊத்திக்கிட்டா. மணி ரெண்டுதான் ஆச்சு. "வீட்டுக்குப் போலாம்ப்பா"ன்னா. கூட்டிட்டுப் போனேன். மச்சான் வீட்டுப் படியேறும்போது திரும்பி, "அப்பா, கழுவினது போதும்ப்பா"ன்னா. அவங்க அம்மா சொல்லிக் கொடுத்திருக்கணும். வேற எப்படி அதே வார்த்தை வரும்?

அடுத்த ரெண்டு ஞாயிறும் வரல. உடம்பு சரியில்ல, பரீட்சை. நான் போய் நிக்கலாம், பெரியவங்களைக் கூப்பிடலாம். என்ன சொல்லிக் கூப்பிடறது, மீன் செத்துப்போச்சுன்னா? காலித் தொட்டியை மட்டும் ரெண்டு சனிக்கிழமையும் கழுவி வெச்சேன். சில நேரம் சும்மா உக்காந்திருக்கறப்ப ஒரு நினைப்பு வரும். நம்மகிட்டதான் ஏதாவது இருக்குமோன்னு. நான் எதைத் தொட்டாலும்... அப்புறம் கையைப் பாப்பேன். நீங்களே பாருங்க. நகத்துல ஒரு பொட்டு அழுக்கு காட்டுங்க பாக்கலாம். எழுந்து இன்னொரு தடவை கழுவிப்பேன். நினைப்பு போயிடும்.

புதன்கிழமை போன் வந்துச்சு. பாப்பாவே பண்ணா. ஒன்றரை வருஷத்துல அவளாப் பண்ண முதல் போன். "அப்பா, என் மீன் தனியா பயப்படுதுப்பா. கலரே இல்ல. ஒரு ஆறு வாங்கிட்டு வரீங்களா? நானும் தொட்டி வெச்சிருக்கேன், செடியெல்லாம் இருக்கு, வந்து பாருங்க"ன்னா. அப்புறம் பின்னாடி வசுமதி குரல், "ஞாயித்துக்கிழமை இங்கயே சாப்பிடச் சொல்லு"ன்னு. சாப்பிடச் சொல்லுன்னு! உங்களுக்கு அது சாதாரணம் தம்பி. ஒன்றரை வருஷமா ஆஸ்பத்திரி கேன்டீன்ல வெந்நீர் ஊத்தித் தட்டைக் கழுவித் திங்கறவனுக்குத்தான் தெரியும். நான் போனைக் கீழ வெச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன். இந்தத் தடவை குழாயைத் திறக்கல.

அதான் காலையிலயே கிளம்பிட்டேன். பிலவேந்திரன் மீனைத் தண்ணியோட கட்டித் தரும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "அண்ணே, மீனைக் கொடுத்துட்டு, சாப்பிட்டுட்டு, சும்மா வந்துடுங்கண்ணே. வேற ஒண்ணும் பண்ணாதீங்க"ன்னு கெஞ்சற மாதிரி சொல்றார். நான் ஏன் சும்மா வரேன்? பாப்பா சொன்னதுல இன்னொண்ணு இருக்கு, அதை உங்களுக்குச் சொல்லலையே. "ஒரு தடவைகூடக் கழுவலப்பா"ன்னா! குழந்தைக்கு அது பெருமையா வேற இருக்கு. வசுமதிக்கு இதுலயெல்லாம் என்னிக்குக் கவனம்? அந்த ஒத்தை மீன் வெளுக்காம என்ன பண்ணும்?

பத்தரை மணிக்குப் பாப்பா பாட்டு கிளாஸ்ல இருப்பா, பன்னிரண்டுக்குத்தான் வருவா. வசுமதி அடுப்படியில இருப்பா. எனக்கு ஒரு மணி நேரம் போதும். பாப்பா வந்து பாக்கறப்ப தொட்டி பளிங்கு மாதிரி இருக்கணும். உள்ள ஏழும் ஒண்ணா ஓடணும். அதைப் பாத்து மறுபடி அந்தப் பல்லு தெரியச் சிரிக்கணும். அவ்வளவுதான் தம்பி நான் கேக்கறது. இத்தனை சாவு பாத்த தொட்டிக்காரனுக்கு அம்மன் இந்த ஒண்ணையாவது கொடுக்க மாட்டாளா?

வானகரம் வந்துடுச்சா? பேச்சுல தெரியவே இல்ல பாருங்க. நீங்க ரொம்ப நேரமா ஏதோ சொல்ல வந்தீங்க, நான்தான் விடல. பரவாயில்ல, இன்னொரு நாள் பாக்காமலா போயிடுவோம்? கையை விடுங்க தம்பி, கண்டக்டர் விசில் கொடுத்துடுவார். எதுக்கு இப்படிப் பிடிக்கிறீங்க, சந்தோஷம் எனக்கும் புரியுது. இல்ல, மீன் அப்புறம். முதல்ல காலடியில இருக்கற அந்தக் கறுப்புப் பையை எடுத்துக் கொடுங்க. ஆங், அதேதான். ஜாக்கிரதை, ப்ளீச்சிங் பவுடர் கொட்டிடப்போகுது.